பின்சீட்டின் இடது ஓரம்

விழுந்துவிட்டது. ஒரு சொட்டு. காரின் கூரைத்துணியில், இடதுபக்கப் பின்மூலையில், முதலில் நெல்லிக்காய் அளவுக்கு ஓர் ஈரக்கருமை வந்தது, அது எலுமிச்சை அளவானது, நடுவில் ஏதோ மினுங்கியது, பாய் என்று கூப்பிட நான் வாயைத் திறப்பதற்குள் அது கழன்று பின்சீட்டின் இடது ஓரத்தில் விழுந்துவிட்டது. அப்பா உட்காரும் இடம். இவ்வளவு பெரிய சீட்டில் என் பக்கம் விழுந்திருக்கலாம், நடுவில் விழுந்திருக்கலாம், இல்லை, சரியாக அப்பா உட்காரும் இடத்தில். இதோ இன்னொன்று. ஜன்னலுக்குப் பின்னால் கூரையைத் தாங்கும் தூணின் மேலும் ஒரு கோடு இறங்குகிறது, அவசரமே இல்லாமல் இறங்கி, சீட்டுக்கும் கதவுக்கும் நடுவில் நுழைந்து காணாமல் போகிறது. எத்தனை நாளாக இப்படி நுழைந்துகொண்டிருக்கிறதோ. வெளியே கார் சர்வீஸ் கடை குத்புதீன் பாய் ஸ்டூல் மேல் நின்று பக்கெட்டிலிருந்து மக்கு மக்காக மோந்து சன்ரூஃப் கண்ணாடி மேல் ஊற்றுகிறார், அவருடைய தாடியும் மக்கின் அடிப்பாகமும் தண்ணீருக்கு அந்தப் பக்கம் நெளிகின்றன. "அக்கா, சொட்டுச்சுன்னா சொல்லுங்க." நான் இங்கே வந்தது ஓட்டை பார்க்க அல்ல. சீட்டை ஷாம்பூ போட்டுக் கழுவ, மூன்றாவது தடவையாக. நாளைக்கு தாராபுரத்தில் அத்தைக்குப் பதினாறாம் நாள் காரியம், சொந்தக்காரர்கள் நாலு பேர் இந்த வண்டியில் ஏறுவார்கள், நாற்றமடித்தால் மானம் போய்விடும் என்று வந்தேன். மானமாம். வந்ததும் பாய் சீட்டின் ஓரத்தைப் பிடித்து அழுத்தினார், கடற்பஞ்சைப் பிழிந்ததுபோல் தண்ணீர் விரலுக்கு நடுவில் வந்தது. "இதுல கடைசியா ஆருங்க்கா உக்காந்தாங்க?" என்று கேட்டார். எங்கப்பா, பதினஞ்சு நாளைக்கு மேலாச்சு, அவருக்குக் கொஞ்சம், வயசாயிருச்சு, அடக்க முடியறதில்ல, என்று நான் இழுத்தேன். பாய் என்னையும் சீட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "பதினஞ்சு நாளைக்கு முன்னாடி போன ஒண்ணுக்கு இன்னிக்கு இப்படி ஊத்துமாங்க்கா?" என்றார். வீட்டில் வண்டி எப்படி நிற்கும் என்று கேட்டார், சாய்தளத்தில் முன்பக்கம் தூக்கியிருக்கும் என்றேன், முன்சக்கரங்களுக்கு அடியில் இரண்டு மரக்கட்டைகளை வைத்து வண்டியை ஏற்றி நிறுத்திவிட்டு, உள்ளே போய் உட்காருங்க என்றார். உட்கார்ந்திருக்கிறேன். சொட்டுகிறது.

அப்பா ஏன் எப்போதும் இடது ஓரம். மாமா, முன்னாடி வசதியா உட்காருங்க என்று என் வீட்டுக்காரர் திருமூர்த்தி எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார். கேட்கமாட்டார். முப்பத்தொரு வருஷம் பஸ்ஸில் கண்டக்டர், பின்படிக்குப் பக்கத்தில் இடது ஓரம்தான் அவருடைய சீட்டு, அங்கே உட்கார்ந்தால்தான் எல்லார் தலையும் தெரியும் மாப்ள என்பார். காரில் யார் தலை தெரியவேண்டும் இவருக்கு என்று நாங்கள் சிரிப்போம். அந்த வேலையில் முதலில் படிப்பதே அடக்குவதுதான் என்றும் அவரே சொல்லியிருக்கிறார், எத்தனை தடவை, சோற்றுத் தட்டை வைத்துக்கொண்டு, அம்மா இருந்தபோது அவள் தலையில் அடித்துக்கொள்வாள். கோயமுத்தூரில் ஏறினால் மதுரைதான், ஒரு தரம் பழனி ரோட்டில் மரம் விழுந்து ஏழு மணி நேரம், டிரைவர்கூட இறங்கிட்டான், நான் இறங்கல கண்ணு, பை நிறையக் கலெக்‌ஷன். அவருக்கு அது ஒரு பெருமை. ஒருத்தருக்கு என்னென்னவோ பெருமை இருக்கும், எங்கப்பாவுக்கு இது. அந்தப் பெருமையில் நான் கை வைத்திருக்கிறேன். ஐப்பசி பிறந்து இரண்டு நாள் மழை பெய்தது, மூன்றாம் நாள் கண் ஆஸ்பத்திரி. வாசலில் இறங்கினார், வேட்டியின் பின்பக்கம் ஒரு தட்டளவு நனைந்து ஒட்டியிருந்தது. நான் பார்த்தேன். நான் பார்ப்பதை அவர் பார்த்தார். திரும்பி சீட்டில் கையை வைத்துத் தடவினார், மேலே தொட்டால் ஈரம் தெரியாது, உட்கார்ந்தால்தான் உள்ளேயிருந்து வரும், இப்போது எனக்குத் தெரிகிறது, இப்போது. கையை முகர்ந்துகூடப் பார்த்தார். "தண்ணி கண்ணு," என்றார். என்ன தண்ணி? வண்டியில் பாட்டில் இல்லை. ஜன்னல் சாத்தியிருந்தது. மழையும் இல்லை. திருமூர்த்தி பெரிய மனுஷர்போல முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார், மாமனாரின் வேட்டியைப் பார்க்கக் கூடாதாம். நான் சொன்னேன், அந்த வாயை என்ன செய்வது, அன்பாகச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு சொன்னேன்: "பரவாயில்லப்பா, வயசானா எல்லாருக்கும் வர்றதுதான்." அதட்டியிருந்தாலாவது அவர் சண்டை போட்டிருப்பார். அவர் தோளிலிருந்த துண்டை எடுத்துப் பின்னால் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குள் நடந்தார். மகள் வீட்டில் மூன்று நாளைக்கு மேல் இருப்பதே தப்பு என்று நினைக்கிற மனுஷர். அம்மா போன பிறகு வேறு வழியில்லாமல் வந்தவர். மாப்பிள்ளை வாங்கிய புது வண்டி. அந்த வரிசையில் என்ன நினைத்திருப்பார், சொட்டு மருந்து விட்டுக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாரே.

"அக்கா, சொட்டுதுங்களா?" சொட்டுகிறது என்று தலையை ஆட்டுகிறேன், கண்ணாடி வழியாக அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஸ்டூலிலிருந்து இறங்குகிறார். எனக்கு மூக்கு இல்லையா. அதைத்தான் கேட்கவேண்டும். நான் யார், சாந்தாமணி, இருபத்திரண்டு வருஷமாக லேப் டெக்னீஷியன், காலை ஆறு மணியிலிருந்து பதினொன்று வரை மூத்திரக் குப்பியும் கையுமாக நிற்கிறவள், மூடியைத் திறந்தாலே சர்க்கரையா கிருமியா என்று பாதி சொல்லிவிடுவேன் என்று டாக்டர்களே என்னைக் கிண்டல் செய்வார்கள். இந்த வண்டியில் வந்தது நனைந்த சாக்கின் நாற்றம். பூஞ்சை. இதோ இப்போதும் அதுதான் வருகிறது, பச்சைப் பிள்ளைகூடச் சொல்லும். ஆனால் மூக்குக்குத் தெரிந்ததை மண்டை கேட்கவில்லை, மண்டைக்கு ஏற்கெனவே முடிவு தெரியும், வயசு எழுபத்தாறு, ஆண், பிராஸ்டேட்டாக இருக்கும். சோதனையும் செய்தேனே. நானே குப்பி கொடுத்து, நானே பட்டையை முக்கி, நானே மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். கிருமி இல்லை, சர்க்கரை இல்லை, ஸ்கேனிலும் ஒன்றுமில்லை. நிறம் மட்டும் கடும் மஞ்சள், அடர்த்தி அதிகம். தண்ணி நிறையக் குடிங்கப்பா என்றேன். செரி கண்ணு என்றார். அவர் ஏன் தண்ணீர் குடிக்கவில்லை என்று அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை. காப்பி அரை டம்ளர், ரசத்தைத் தொட்டுக்கொள்வதோடு சரி, உதடெல்லாம் வெடித்து வாஸலின் தடவிக்கொண்டிருந்தார், பனியாக இருக்கும் என்று நான் நினைத்தேன். ஐப்பசியில் என்ன பனி. ரிப்போர்ட் நார்மல் என்று வந்தால் ஒரு மனுஷி என்ன நினைக்கவேண்டும், அப்பா நார்மல் என்று நினைக்கவேண்டும். நான் ரிப்போர்ட்டைச் சந்தேகப்பட்டேன், அப்பாவைச் சந்தேகப்பட்டேன், இந்தக் காரை மட்டும் சந்தேகப்படவில்லை. புதுக் காராம், எப்படி ஒழுகும். இரண்டாவது தடவை ஒரு புதுமனை புகுவிழாவில், அத்தனை பேர் முன்னால், துண்டு மறைக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் டயப்பர் பாக்கெட் ஒன்று வாங்கி அவர் கட்டில் மேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன், நேரில் கொடுத்தால் சங்கடப்படுவார் என்று, எனக்கு அவ்வளவு நாசூக்கு. கொஞ்ச நேரம் கழித்துக் கதவருகில் வந்து நின்றார். "இத எப்பிடிக் கட்டறது கண்ணு?" அது மட்டும்தான் கேட்டார். அதற்கடுத்த வாரம் திருமூர்த்தி சீட்டின் மேல் பிளாஸ்டிக் விரிப்பு ஒன்றையும் போட்டார், அப்பா டயப்பரைக் கட்டிக்கொண்டு அதன்மேல் உட்கார்ந்து பேங்க் வரை வந்தார், நனையவில்லை. விரிப்புக்குக் கீழே தண்ணீர் அப்படியே நிற்க, மேலே நனையாதுதானே. ஆனால் நான் ஜெயித்த மாதிரி, பாத்தீங்களா, இப்ப எவ்வளவு நிம்மதி என்றேன். "உள்ளயும் காஞ்சுதான் இருந்துச்சு கண்ணு," என்றார் தயங்கித் தயங்கி. இன்னிக்கு நல்லா இருந்திருக்குதுப்பா என்று சொன்னேன். நல்லா படிக்காத பையன் ஒரு நாள் பாஸானால் சொல்வதுபோல.

பாய் சன்ரூஃபைத் திறந்துவிட்டார். தலைக்கு மேல் வெறும் வானம், போத்தனூர் ரோட்டு வேப்பமரம். டார்ச்சை அடித்துக் கண்ணாடி ஓடும் பள்ளத்தில் விரலை விட்டுக்கொண்டே சொல்கிறார், என்னிடமா, தனக்குத்தானா தெரியவில்லை. "சன்ரூஃபுன்னாலே தண்ணி உள்ள வரத்தானுங்க்கா செய்யும், ரப்பர் முழுசா நிறுத்தாது, இந்தப் பள்ளத்துல எறங்கி நாலு மூலையிலும் ஓட்டை, ஓட்டையிலிருந்து டியூப்பு, தூணுக்குள்ள எறங்கி சக்கரத்துக்கிட்ட வெளிய போயிரும். எல்லா வண்டியும் ஒழுகற வண்டிதானுங்க, போற வழி தெறந்திருந்தா நமக்குத் தெரியாது." அப்படியானால் வழி அடைத்திருக்கிறது. எதனால்? இலையா, மண்ணா? வேப்பங்கொட்டையா? பாய் ஒரு நெளிந்த கம்பியைப் பள்ளத்தின் ஓரமாக விட்டு, நாக்கைத் துருத்திக்கொண்டு, மெதுவாக இழுக்கிறார். ஏதோ வருகிறது. உள்ளங்கையில் வைத்து என்னிடம் நீட்டுகிறார். நான் பார்க்கிறேன். மஞ்சளாகவும் இல்லை பழுப்பாகவும் இல்லை, காய்ந்த கூழ்போல, அதற்குள் சுருண்டு கறுத்த இதழ்கள். பாய் நசுக்கிக் காட்டுகிறார். எனக்கு முகரவேண்டிய அவசியமே இல்லை, இந்தத் தடவை மூக்கு முந்திக்கொண்டது. சந்தனம். செவ்வந்தி. ஊறிக் கரைந்த பொரி. "பூசை போட்டீங்களாக்கா?" போட்டேன். நான்தான் போட்டேன். ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, கண்ணாடிக்கு, ஸ்டியரிங்குக்கு, டிக்கிக்கு என்று பொட்டு வைத்துக்கொண்டே வந்தேன், எனக்கு எதையும் விட்டுவிட்டால் தூக்கம் வராது, சன்ரூஃபையும் திற என்று திருமூர்த்தியை ஏவி, அந்தப் பள்ளத்தில் இரண்டு பக்கமும் கட்டைவிரலால் சந்தனத்தை அழுத்தி அழுத்தி அப்பினேன், அந்தச் சின்ன ஓட்டைக்கும் ஒன்று, பாவம் அதுவும் உழைக்கிறதே என்று. அதன்மேல் பூ. மேலே நின்று ஒரு கை பொரியும் தூவினேன். அப்பா பக்கத்தில் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார், "சந்தனம் போதும் கண்ணு, வழியுது பாரு," என்றார், நீங்க சும்மா இருங்கப்பா என்றேன். பின்னால் முதல் மழையில் எல்லாம் கரைந்து, மூக்கைத் தூக்கி நிற்கும் வண்டியின் பின்பக்கமாக ஓடி, இடது மூலையில் போய் உட்கார்ந்து இறுகிவிட்டது. "வருசா வருசம் ஆயுத பூசைக்கு அப்பறம் இப்படி நாலு வண்டி வந்துருமுங்க்கா," என்று பாய் சிரிக்கிறார், "சாமி பேர்ல அடைச்சதுனால நானும் திட்டறதில்ல." சிரிக்கட்டும். அவருக்கு என்ன தெரியும். என் கட்டைவிரலை நான் சுடிதாரில் துடைத்துக்கொள்கிறேன், அதில் ஒன்றும் இல்லை, ஆனாலும் துடைக்கிறேன்.

அத்தை. அங்கே போகாதே என்று மனசைப் பிடித்து இழுக்கிறேன், அது அங்கேதான் போய் நிற்கிறது. தாராபுரத்து அத்தை அப்பாவுக்கு ஒரே அக்கா, அம்மா இல்லாத வீட்டில் இவரை இடுப்பில் தூக்கி வளர்த்தவள், பள்ளிக்கூடம் போன பிறகும் இவருக்குத் தலை சீவிவிட்டவள். விடிகாலையில் போன் வந்தது. அப்பா அழவில்லை, குளித்து வேட்டி கட்டிக்கொண்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தார், பிறந்த வீட்டுக் கோடி எடுக்கணும் கண்ணு என்றார். கடை திறக்கவைத்து எடுத்து வந்தோம், அத்தை மேல் போர்த்த அரக்குச் சேலை, அவர் கையால் ஒரு தரம் தடவிப் பார்த்தார். அப்புறம்தான் சொன்னார். "நீயும் மாப்ளையும் போயிட்டு வாங்க. ரெண்டு மணி நேரம் கண்ணு, என்னால முடியாது. போற எடத்துல ஆயிப்போச்சுன்னா அக்காளுக்கு அவமானம்." கட்டிக்கிட்டு வாங்கப்பா, விரிப்பு இருக்குது என்று நான் சொன்னேன். சொன்னேன்தான். ஆனால் எப்படிச் சொன்னேன், இரண்டாவது தரம் ஏன் சொல்லவில்லை, கையைப் பிடித்து ஏன் இழுக்கவில்லை. உள்ளுக்குள் ஒரு சின்ன நிம்மதி இருந்தது, இருந்தது, இப்போது மறைத்து என்ன பிரயோஜனம். அங்கே போனால் எல்லாரும் தம்பி எங்கே, தம்பி எங்கே. உடன்பிறந்தவன் கோடி போடாமல் உடலை எடுக்கக் கூடாது என்று மதியம் இரண்டு மணி வரை வைத்திருந்தார்கள், வந்துருவான், கண்டக்டர் பஸ்ஸைப் பிடிச்சு வந்துருவான் என்று ஒரு பெரியவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் திருமூர்த்தி போட்டார், மருமகன் கையால் பிறந்த வீட்டுக் கோடி. அதோடு விட்டேனா. அத்தை மகள் கண்ணம்மா தூணோரம் இழுத்து, மாமனுக்கு என்ன என்று கேட்டாள், நான் அவள் காதில் சொன்னேன். அவளுக்கு மட்டும் என்றுதான் சொன்னேன். சாயங்காலத்துக்குள் பந்தல் முழுக்கத் தெரிந்திருந்தது, திரும்பும்போது மூன்று பெண்கள் என் கையைப் பிடித்து, பாத்துக்க சாமி, பெரிய சேவை என்றார்கள். நானும் தலையாட்டினேன். அன்றைக்கு இந்தச் சீட்டு காலியாக வந்தது. காலி சீட்டு. அவர் வந்திருந்தால் நனைந்திருப்பார்தான், விரிப்பு போட்டிருந்தால் நனைந்திருக்கமாட்டார், நனைந்தாலும் என்ன, தண்ணீர்தானே, அவர் முதல் நாளே சொன்ன தண்ணீர்.

பாய் தூண்டில் நரம்பு ஒன்றை ஓட்டைக்குள் விடுகிறார், தடித்த நரம்பு, முனையை நெருப்பில் காட்டி உருண்டையாக்கியிருக்கிறார், குத்தினால் டியூப் கிழிந்துவிடுமாம், காற்றை வேகமாக அடித்தால் உள்ளே கழன்றுவிடுமாம், அதனால் பொறுமையாக, விட்டு இழுத்து, விட்டு இழுத்து. வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுகிறார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி நரம்பு. திடீரென்று தொண்டை கமறுவதுபோல ஒரு சத்தம் தூணுக்குள் கேட்டு, பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் சிமெண்டுத் தரையில் தண்ணீர் கொட்டுகிறது, முதலில் சந்தன நிறத்தில், அப்புறம் தெளிவாக. இவ்வளவுதானா. அரை மணி நேர வேலை. "ஆச்சுங்க்கா. சீட்டுப் பஞ்சை அப்பறம் கழட்டி வெயில்ல போட்டறலாம், மொதல்ல இன்னொரு தரம் ஊத்தறேன், உள்ள உக்காந்து மேல மட்டும் பாருங்க." கண்ணாடியை மூடுகிறார். நான் வலது பக்கம் உட்காரவில்லை. இடது ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தேன், ஏன் என்று தெரியவில்லை. மேலே மக்கு மக்காகத் தண்ணீர். கூரைத்துணியில் பழைய ஈரம் மட்டும், புதிதாக ஒன்றுமில்லை. போனை எடுத்து அப்பா நம்பரை அழுத்திவிட்டேன், என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் எடுத்துவிட்டார், எப்போதும் முதல் மணியிலேயே எடுப்பார், மகள் வீட்டில் போன் ரொம்ப நேரம் அடிக்கக் கூடாது அவருக்கு.

"காஞ்சுதான் இருக்குது கண்ணு," என்றார். நான் கேட்கவே இல்லை. "காலையிலிருந்து ரெண்டு தரம் போனேன். ஒண்ணும் ஆகல."

"அப்பா, கார்ல ஒழுகுதுப்பா. மேல இருந்து. கண்ணாடிக்குப் பக்கத்துல ஓட்டை அடைச்சுக்கிச்சு. நான் வெச்ச சந்தனந்தான்ப்பா. அது நீங்க இல்லப்பா."

அந்தப் பக்கம் டிவியில் யாரோ சமையல் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"கண் ஆஸ்பத்திரிக்குப் போனப்ப?"

"அதும் நீங்க இல்லப்பா."

"ஒரு தரம்கூடவா இல்ல?"

"ஒரு தரம்கூட இல்லப்பா."

நான் அவசர அவசரமாகப் பேசினேன், பேசினால் ஏதாவது சரியாகிவிடும் என்பதுபோல, சரி பண்ணியாச்சுப்பா, இனிமே சொட்டாது, நாளைக்குக் காலையிலயே கிளம்பலாம், நீங்க முன்னாடியே உக்காருங்க, பின்னாடி வேண்டாம், இல்ல உங்களுக்கு எங்க வேணுமோ அங்க உக்காருங்க, மொதல்ல ஒரு சொம்பு தண்ணி குடிங்கப்பா, இப்பவே, நான் போன வச்சுக்கிட்டே இருக்கறேன், குடிங்க. சந்தனம் வழிகிறது என்று அன்றைக்கே சொன்னேனே என்று திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம்.

"நாளைக்குப் போயி ஆரக் கண்ணு பாக்கறது?" என்றார். கோபமே இல்லாமல் கேட்டார். பிறகு, "செரி, வெயிலா இருக்கும், பாத்து வா," என்று வைத்துவிட்டார்.

மேலே தண்ணீர் நின்றுவிட்டது. பாய் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "ஒரு சொட்டுக்கூட இல்லீங்களேக்கா?" இல்லை என்றேன். இறங்கி நின்றேன். அப்போதுதான் தெரிந்தது, சீட்டுப் பஞ்சிலிருந்த தண்ணீர் மேலேறி, என் சுடிதார் பின்பக்கம் முழுக்க நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. கையில் துண்டு எதுவும் இல்லை. பாய் நல்ல மனுஷர், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.